தாளில் பாதி, கையில் மீதி: எமது சம்பளம் எங்கே போகிறது?



சென்ற மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையின் பின்னர் பல நேயர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். சிலர் வேலை முடிந்து இரவு நிலையத்துக்கே நேரில் வந்தார்கள். அநேகமானோர் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணை, நான் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் வேலை செய்யிறன். சம்பளத் தாளில நாலு மணித்தியாலம்தான் கிடக்கு. மிச்சத்தை முதலாளி கையில தாறார். காசு வருகுதுதானே, இதில என்ன பிழை?"

இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. வானொலியில் சொன்னதை எழுத்தில் தந்தால் வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்றும் பலர் கேட்டார்கள். ஆகவே இம்மாத உரைமடலில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. 1992 இல் பாரிசுக்கு வந்து, பல வருடங்கள் உணவகங்களின் பின்பக்கத்தில் நின்று கோப்பை கழுவியவன், பிறகு சமைத்தவன். இன்று எம்மவர்கள் சிலர் தொழில் வழக்குக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு உதவி செய்கிறேன். எனக்கு இதெல்லாம் தெரிய வந்ததற்குக் காரணம் படிப்பு அல்ல, பட்ட அடி.

என் கதை

எனது அகதி விண்ணப்பம் 1994 இல் நிராகரிக்கப்பட்டது. விசா இல்லை. லா சப்பலில் தெரிந்தவர் ஒருவர் மூலம் எம்மவர் ஒருவரின் உணவகத்தில் வேலை கிடைத்தது. கிழமையில் ஆறு நாள். காலை பத்து மணிக்குப் போனால் மூன்று மணிக்கு இடைவேளை, திரும்ப ஆறு மணிக்குப் போனால் இரவு பதினொன்று. சம்பளம் கையில், பிராங்கில். தாள் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அதைப் பெரிய உதவி என்றே நினைத்தேன்.

1996 கோடையில் எமது கடைகளில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள சென் பெர்னார் தேவாலயத்துக்குள் விசா இல்லாத ஆபிரிக்க மக்கள் சுமார் 300 பேர் புகுந்து இருந்தார்கள். ஆகஸ்ட் 23 ஆம் திகதி காலை பொலிசார் கோடரியால் கதவை உடைத்து அவர்களை வெளியேற்றினார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவர்களுடைய போராட்டத்தின் பயன் எமக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டு வந்த புதிய அரசு 1997 ஜூன் 24 இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி சுமார் 80,000 பேருக்கு விசா கிடைத்தது. 1998 இல் எனக்கும் கிடைத்தது.

விசா கையில் வந்ததும் முதலாளி என்னைப் பதிந்தார். ஆனால் மாதம் 80 மணித்தியாலம் என்றுதான் பதிந்தார். நான் செய்தது அதைப்போல மூன்று மடங்கு. "முழுக்கப் பதிஞ்சால் உனக்கும் வெட்டு, எனக்கும் வெட்டு. கையில வாங்கு, ஊருக்கு அனுப்பு" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

2001 இல் வவுனியாவில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்குக் குடும்ப இணைவு விண்ணப்பம் போட்டேன். சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. என் வருமானம் போதாதாம். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மெத்ரோவுக்குள் இருந்து இரண்டு தரிப்பிடம் கூடுதலாகப் போய்விட்டேன். கிழமைக்கு அறுபது மணித்தியாலம் உழைக்கிறவனுடைய வருமானம் எப்படிப் போதாமல் போகும்? அரசாங்கத்துக்குத் தெரிந்தது தாளில் உள்ள 80 மணித்தியாலம் மாத்திரம். மிச்ச உழைப்பு நடந்ததாகவே எங்கும் எழுதப்படவில்லை.

முதலாளியிடம் போய், "அண்ணை, என்னை முழுக்கப் பதியுங்கோ" என்று கேட்டேன். "தம்பி, உனக்கு விசா இல்லாத நேரத்தில வேலை தந்தது ஆர்?" என்றார். நான் விடாமல் கேட்டேன். அடுத்த கிழமை, "இனி வரத் தேவையில்லை" என்று சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை.

இதன் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்சில் எவருக்கும் இதற்குக் கீழே சம்பளம் கொடுக்கக்கூடாது என்று ஒரு எல்லை உண்டு. 1950 இல் முதன்முதலில் கொண்டுவரப்பட்ட இந்த எல்லை, 1970 இல் இருந்து 'ஸ்மிக்' என்ற பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் மீளாய்வு செய்யப்படும். விலைவாசி கூடினால் இடையிலும் உயரும். 2024 நவம்பர் முதலாம் திகதி அது மணித்தியாலத்துக்கு 11.88 யூரோவாக இருந்தது. கிழமைக்கு 35 மணித்தியாலம் என்ற கணக்கில் மாதத்துக்கு 1801.80 யூரோ. இது பிடிப்புகளுக்கு முந்திய தொகை. கீழே உள்ள கணக்கை இந்தத் தொகையை வைத்தே போடுகிறேன். நீங்கள் உங்கள் கணக்கைப் போடும்போது அந்தந்த ஆண்டின் தொகையைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

35 மணித்தியாலத்துக்கு மேலே செய்வது மேலதிக வேலை. பொதுவாக முதல் எட்டு மணித்தியாலத்துக்கு 25 வீதமும், அதற்கு மேலே 50 வீதமும் கூட்டிக் கொடுக்க வேண்டும். எம்மவர்கள் அதிகமாக வேலை செய்யும் ஹோட்டல், உணவகத் துறைக்குத் தனியான ஒப்பந்தம் உண்டு. அதில் 36 முதல் 39 வரை 10 வீதம், 40 முதல் 43 வரை 20 வீதம், 44 இல் இருந்து 50 வீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உணவகத்தில் கிழமைக்கு 48 மணித்தியாலம் வேலை செய்கிறார் ஒருவர்.

முதல் 35 மணித்தியாலம்: 415.80 யூரோ.
அடுத்த 4 மணித்தியாலம் (10 வீதம் கூட்டி): 52.27 யூரோ.
அடுத்த 4 மணித்தியாலம் (20 வீதம் கூட்டி): 57.02 யூரோ.
கடைசி 5 மணித்தியாலம் (50 வீதம் கூட்டி): 89.10 யூரோ.

ஒரு கிழமைக்கு 614.19 யூரோ. மாதத்துக்கு ஏறக்குறைய 2661 யூரோ.

இப்போது நடைமுறையில் நடப்பதைப் பாருங்கள். அவருடைய தாளில் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்று இருக்கும். அதற்கு மாதம் 1030 யூரோ அளவில் வரும். கையில் 500 யூரோ கொடுப்பார்கள். மொத்தம் 1530. மாதாமாதம் 1100 யூரோவுக்கு மேல் எங்கேயோ போய்விடுகிறது. மூன்று வருடத்தில் அது 40,000 யூரோ. "கையில தாறார்தானே" என்று நாம் நன்றியோடு வாங்கும் அந்த 500 யூரோவுக்குப் பின்னால் இந்த 40,000 யூரோ ஒளிந்திருக்கிறது.

கிழமைக்கு 48 மணித்தியாலம் என்பதுதான் சட்டத்தின் உச்ச எல்லை. எமது ஆட்கள் அதையும் தாண்டி வேலை செய்கிறார்கள். எல்லையைத் தாண்டிச் செய்த வேலை என்பதற்காக அதற்குச் சம்பளம் இல்லை என்று ஆகாது. செய்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சம்பளம் உண்டு.

தெரிந்துகொண்டே செய்த மணித்தியாலத்தைக் குறைத்துச் சம்பளத் தாளில் எழுதுவதும், ஆளைப் பதியாமலே வேலை வாங்குவதும் சட்டத்தில் ஒரே குற்றம்தான். அதற்குப் பெயர் 'மறைத்த வேலை'. மூன்று வருடச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை தண்டனை உண்டு. வேலை முறிந்தால் தொழிலாளிக்கு ஆறு மாதச் சம்பளம் நட்டஈடாகக் கொடுக்க வேண்டும். இங்கே குற்றவாளி வேலை கொடுத்தவர். வேலை செய்தவர் அல்ல. இதை எம்மவர்கள் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

தாளில் இல்லாதது எதையெல்லாம் தின்கிறது?

"ஓய்வூதியம் எடுக்கிற வயதிலதானே அந்தப் பிரச்சினை, அதுக்கு இன்னும் காலம் கிடக்கு" என்று இளைஞர் ஒருவர் சொன்னார். இல்லைத் தம்பி, நாளைக்கே வரலாம்.

என்னோடு வேலை செய்த ஒருவருக்குப் பொரிக்கிற எண்ணெய் கையில் ஊற்றுப்பட்டது. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வேலைத்தள விபத்துக்குச் சமூகக் காப்புறுதி நாட்சம்பளத்தின் 60 வீதமும், 28 நாட்களின் பின் 80 வீதமும் கொடுக்கும். ஆனால் எந்தச் சம்பளத்தின் 80 வீதம்? தாளில் உள்ள சம்பளத்தின் 80 வீதம். கையில் வாங்கிய காசு அந்த மூன்று மாதமும் வரவில்லை. அறை வாடகையை நாங்கள் சேர்ந்து கட்டினோம்.

வேலை போனால் கிடைக்கும் பணமும் தாளில் உள்ள சம்பளத்தில் இருந்துதான் கணக்கிடப்படும். சுகயீன விடுமுறைக் கொடுப்பனவும் அப்படியே. ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம் உண்டு. பாதி நேரம் பதிந்தாலும் வருடத்துக்குரிய நான்கு காலாண்டுகள் சேர்ந்துவிடலாம். அதைக் காட்டி, "உனக்கு ஒரு நட்டமும் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அடிப்படை ஓய்வூதியத்தின் தொகை உங்கள் மிகச் சிறந்த 25 வருடச் சம்பளத்தின் சராசரியில் இருந்து வருகிறது. 25 வருடமும் பாதிச் சம்பளம் பதிந்திருந்தால் சராசரியும் பாதிதான். இன்று அறுபதைத் தாண்டிய எங்கள் முதல் தலைமுறை அதை நேரில் கண்டுகொண்டிருக்கிறது.

குடும்ப இணைவுக்கு விண்ணப்பிப்பவர் கடந்த 12 மாதங்களில் சராசரியாக ஸ்மிக் அளவு வருமானம் காட்ட வேண்டும். பெரிய குடும்பம் என்றால் இன்னும் கூட. பாதித் தாளோடு மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது. வீடு வாடகைக்கு எடுக்கப் போனாலும், வங்கியில் கடன் கேட்டாலும் அதே தாளைத்தான் கேட்பார்கள்.

ஏய்க்கும் வேறு வழிகள்

பாதி பதிவது ஒரு வழி மாத்திரமே. வேறும் உண்டு.

"ஒரு கிழமை பழகிப் பார், பிறகு சம்பளம் பேசுவம்" என்பது ஒன்று. பரீட்சார்த்த காலத்துக்கும் சம்பளம் உண்டு. வேலைக்கு எடுப்பதற்கு முன்னரே உங்கள் பெயரை 'ஊர்சாஃப்' நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை.

துப்புரவு வேலையில் மணித்தியாலத்தை விட்டு அறைக் கணக்கில் வேலை வாங்குவது இன்னொன்று. ஒப்பந்தத்தில் ஆறு மணித்தியாலம் என்று இருக்கும். கொடுத்த அறைகளை முடிக்க எட்டு மணித்தியாலம் பிடிக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குச் சம்பளம் இல்லை. பாரிஸ் 17 இல் பத்தினியோல் பகுதியில் உள்ள இபிஸ் ஹோட்டலில் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்காக வேலை செய்த சுமார் 20 பேர், பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்கள், 2019 ஜூலையில் இதற்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குளிர், கொரோனா எல்லாவற்றையும் தாண்டி 22 மாதம் நின்று 2021 மே மாதம் ஒப்பந்தத்தோடு முடித்தார்கள். அவர்களில் ஒருவரான றஷேல் கேக்கே 2022 ஜூனில் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தெரிவானார். எமது சகோதரிகள் பலரும் இதே ஹோட்டல் அறைகளைத்தான் துப்புரவு செய்கிறார்கள்.

மூன்றாவது, தொழிலாளியை 'சுயதொழில்காரர்' என்று பதியச் சொல்வது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். பெயர் சுயதொழில், ஆனால் நேரமும் விலையும் தண்டனையும் கொம்பனியின் கையில். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2018 நவம்பரில் ஒரு சாப்பாட்டு விநியோக நிறுவனத்தின் வழக்கிலும், 2020 மார்ச்சில் ஊபர் வழக்கிலும் அப்படிப்பட்ட ஒருவரைத் தொழிலாளியாகவே கொள்ளவேண்டும் என்று தீர்த்தது. ஆகவே பெயர் எதுவாக இருந்தாலும், வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

நான்காவது, கடையைப் பூட்டிவிட்டு வேறு பெயரில் திறப்பது. "கொம்பனி முடிஞ்சுது, இனிக் காசு இல்லை" என்பார்கள். நிறுவனம் முறைப்படி முறிந்து நீதிமன்றத்துக்குப் போனால், கொடுக்க வேண்டிய சம்பளத்தை ஓர் எல்லை வரை கொடுப்பதற்கு 1973 இல் இருந்து தனியான காப்பு நிதி உண்டு. ஆகவே கடை பூட்டியதும் கையைக் கழுவிவிட வேண்டாம்.

விசா இல்லாதவருக்குச் சம்பள உரிமை உண்டா?

உண்டு. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்களைப் பயப்படுத்தி வைத்திருப்பது இந்த ஒரு கேள்விதான்.

விசா இல்லாமல் வேலை செய்தவருக்கும் ஸ்மிக், மேலதிக நேரச் சம்பளம், விடுமுறைச் சம்பளம் எல்லாம் மற்றவரைப் போலவே உண்டு என்று தொழிற்சட்டம் எழுதி வைத்திருக்கிறது. எவ்வளவு காலம் வேலை செய்தார் என்று எந்தப் பக்கமும் நிரூபிக்காவிட்டால், குறைந்தது மூன்று மாதம் செய்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வேலை முறிந்தால் மூன்று மாதச் சம்பளம் நட்டஈடு. மறைத்த வேலைக்குரிய ஆறு மாத நட்டஈடு கூடுதலாக இருந்தால் அதைக் கேட்கலாம். அரச சட்ட உதவி பெறுவதற்கு விசா வேண்டும் என்று முன்னர் ஒரு விதி இருந்தது. இப்படிப்பட்ட தொழிலாளர்களின் வழக்குகளில் இருந்து எழுந்த கேள்வி ஒன்றில், 2024 மே 28 இல் அரசியலமைப்புச் சபை அந்த விதி செல்லாது என்று தீர்த்தது.

லா சப்பலில் இருந்து நடந்து போகும் தூரத்தில், ஷாத்தோ தோ மெத்ரோவுக்குப் பக்கத்தில் தலைமுடி, நகம் அலங்கரிக்கும் கடைகள் உண்டு. எம்மவர்கள் தினமும் கடந்து போகும் இடம். அங்கே ஸ்ட்ராஸ்பூர் பெருவீதி 57 ஆம் இலக்கக் கடையில் வேலை செய்த 18 பேர் 2014 இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆபிரிக்கரும் சீனரும். ஒருவருடைய மொழி மற்றவருக்குத் தெரியாது. பலருக்கு விசா இல்லை. சம்பளம் வராத மாதங்கள் இருந்தன. தொழிற்சங்கத்தின் துணையோடு கடைக்குள்ளேயே இருந்தார்கள். 2015 இல் அவர்களுக்கு விசா கிடைத்தது. 2018 இல் பாரிஸ் குற்றவியல் நீதிமன்றம் அவர்களிடம் வேலை வாங்கியதை மனித வியாபாரம் என்றே தீர்த்தது. இத்தனை மொழி பேசியவர்கள் ஒன்றாக நிற்க முடிந்தது. ஒரே மொழி பேசும் நாங்கள் ஏன் நிற்பதில்லை?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விசா இல்லாதவர் எந்த அலுவலகத்துக்கும் தனியாகப் போகாமல், முதலில் தொழிற்சங்கத்தையோ உதவிச் சங்கத்தையோ கண்டு பேசுவது நல்லது. அதேபோல் அரச உதவிப் பணம் எடுத்துக்கொண்டு கறுப்பில் வேலை செய்தவர், அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். முதலாளி அதைக் காட்டித்தான் வெருட்டுவார். மறைக்காமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

லூயி பிளான் வீதியில் ஒரு கட்டடம்

ஃபோபூர் சென் தெனி வீதியில் மரக்கறி வாங்கிவிட்டு, அப்படியே லூயி பிளான் வீதியில் கால்வாய்ப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் 27 ஆம் இலக்கத்தில் ஒரு பெரிய கட்டடம் வரும். அதுதான் பாரிசின் 'ப்ருதொம்', தொழில் வழக்குகளைத் தீர்க்கும் மன்றம். பத்து வருடம் அந்தத் தெருவால் போய் வந்த எனக்கு அது என்ன கட்டடம் என்று தெரியாது.

இந்த மன்றத்தின் வரலாறு 1806 இல் லியோன் நகரப் பட்டுத் தொழிலில் தொடங்குகிறது. இங்கே தீர்ப்புச் சொல்பவர்கள் தொழில்முறை நீதிபதிகள் அல்ல. பாதிப் பேர் தொழிலாளர் தரப்பு, பாதிப் பேர் முதலாளிமார் தரப்பு. முதலில் இணக்கத்துக்கு முயற்சிப்பார்கள். சரிவராவிட்டால் விசாரணை. சட்டத்தரணி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொழிற்சங்கத்தவர் ஒருவர் உங்களுக்காகப் பேசலாம். ஆனால் பொறுமை வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலும் இழுபடும்.

லூயி பிளான் என்பவர் யார் என்றும் பின்னர் கேட்டறிந்தேன். 1848 புரட்சியில் தொழிலாளர் பிரச்சினையை ஆராயும் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்த ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி வந்த ஆணை, பாரிசில் வேலைநாளைப் பத்து மணித்தியாலமாகக் குறைத்தது. இடைத்தரகர் ஆட்களைப் பிடித்துக் கொடுத்து அவர்களின் கூலியில் இலாபம் பார்ப்பதையும் தடைசெய்தது. பத்து மணித்தியாலம் நீடிக்கவில்லை. ஆட்பிடித்து இலாபம் பார்க்கும் குற்றம் இன்றும் தொழிற்சட்டத்தில் இருக்கிறது. அவருடைய பெயர் கொண்ட வீதியின் ஓரத்தில் நின்றுதான், "ஆள் வேணுமாம், பத்து மணித்தியாலம், கையில காசு" என்று நாங்கள் வேலை பேசுகிறோம்.

என் வழக்கையும் 2002 இல் இங்கேதான் போட்டேன். முதலாளி வந்து, "இவர் 80 மணித்தியாலம்தான் செய்தார்" என்றார். என்னிடம் இருந்தது நான்கு நாட்காட்டிகள். லா சப்பல் கடையில் வருடப்பிறப்புக்குக் கொடுக்கிற நாட்காட்டிகள். ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். அன்றைக்கு யார் சமைப்பது என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் வேலைக்குப் போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் அதில் குறிப்போம். சாமிப் படம் போட்ட நாட்காட்டி என்பதால் வருடம் முடிந்த பிறகும் குப்பையில் போட மனம் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

விசாரணையில் அவர்கள் முதலாளியைப் பார்த்து, "நீங்கள் வைத்திருக்கும் வேலைநேரப் பதிவு எங்கே?" என்று கேட்டார்கள். அவரிடம் எதுவும் இல்லை. சட்டத்தின் முக்கியமான இடம் இதுதான். தொழிலாளி எல்லாவற்றையும் நிரூபிக்கத் தேவையில்லை. எதிர்த்தரப்பு பதில் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவான விபரத்தை வைத்தால் போதும். அதன் பிறகு தன்னுடைய பதிவைக் காட்ட வேண்டியது முதலாளி.

2003 கடைசியில் தீர்ப்பு வந்தது. நான் கேட்டதில் பாதிக்குச் சற்றுக் கூடக் கிடைத்தது. அதற்குள் முழுதாகப் பதிந்த வேறு வேலை எடுத்திருந்தேன். 2004 இல் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நான் விட்டுவிட்டு வரும்போது மகளுக்கு இரண்டு வயது. விமான நிலையத்தில் என்னை 'நீங்கள்' என்று பேசிய பிள்ளைக்குப் பதினான்கு வயது. முதல் விண்ணப்பத்திலேயே அனுமதி கிடைத்திருந்தால் மூன்று வருடம் முந்தி வந்திருப்பாள். அந்த மூன்று வருடத்துக்கு எந்த மன்றத்திலும் வழக்குப் போட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், இடைவேளை, முடிந்த நேரம் மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். கையில் வாங்கிய காசையும் திகதியோடு எழுதுங்கள்.

2. வேலைநேர அட்டவணையைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். "நாளைக்கு ஒன்பதுக்கு வா" என்று முதலாளி அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள்.

3. சம்பளத் தாள்களை வாழ்நாள் முழுவதும் வைத்திருங்கள். பிரதி ஒன்றை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள்.

4. சம்பளத்தை வங்கி மூலம் கேளுங்கள். மாதம் 1500 யூரோவுக்கு மேற்பட்ட சம்பளத்தைக் காசாகக் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

5. வேலையை விடும்போது கணக்கு முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். விளங்காமல் வைக்காதீர்கள். வைத்துவிட்டாலும் ஆறு மாதத்துக்குள் பதிவுத்தபால் மூலம் மறுக்கலாம்.

6. காலத்தைத் தவற விடாதீர்கள். சம்பள நிலுவையைப் பின்னோக்கி மூன்று வருடத்துக்கே கேட்கலாம். 2013 வரை அது ஐந்து வருடமாக இருந்தது. வேலைநீக்கத்தை எதிர்ப்பதென்றால் 12 மாதத்துக்குள்.

7. ஆலோசனைக்குப் போங்கள். ஷாத்தோ தோ வீதி 3 இல் 1892 இல் திறந்த தொழிலாளர் மாளிகை இருக்கிறது. தொழிற்சங்கங்கள் அங்கே உண்டு. உங்கள் பகுதியில் உள்ள இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தை அறிய 3039 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தொழிற் பரிசோதகரிடம் நீங்கள் செய்யும் முறைப்பாட்டை, முறைப்பாடு வந்தது என்றுகூட அவர் முதலாளிக்குச் சொல்லக்கூடாது.

"சொந்தச் சனத்தையே கோட்டுக்கு இழுப்பதா?"

வழக்குப் போட்ட நேரத்தில் என்னிடம் இதைக் கேட்காத ஆள் இல்லை. கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். விசா இல்லாத நேரத்தில் அவர் வேலை தந்தது உண்மைதான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் நன்றியை மணித்தியாலக் கணக்கில் வருடக்கணக்காக அறவிடக்கூடாது. அப்படி அறவிட்டால் அதற்குப் பெயர் உதவி அல்ல, வட்டி.

எமது கடைக்காரர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். வாடகை கூட, வரி கூட. ஆனால் ஸ்மிக் அளவுச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் சமூகக் காப்புப் பணத்தை அரசு பெருமளவு குறைத்துத்தான் வைத்திருக்கிறது. லா சப்பலில் ஆட்களை முழுதாகப் பதிந்து, ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து நடத்துகிற கடைகளும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் பாதி பதிந்து விலையைக் குறைத்தால் முதலில் அடி விழுவது அந்த நேர்மையான கடைக்காரருக்குத்தான். நியாயமான சம்பளத்தைக் கேட்பவர் எமது சமூகத்துக்கு எதிரி அல்ல. அந்தக் கடைக்காரருக்கும் அவர் துணை.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். காசு வருவது பிழையில்லை. உன் உழைப்பு எங்கும் எழுதப்படாமல் போவதுதான் பிழை. முதலாளி எழுதாவிட்டால் நீ எழுது. ஒரு கொப்பியின் விலை இரண்டு யூரோவுக்குள். அடுத்த முறை லா சப்பலுக்குச் சாமான் வாங்க வரும்போது அதையும் ஒன்று வாங்கு.

அடுத்த மாத உரையில் சம்பளத் தாளை வரிவரியாக எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். உங்கள் தாளை, பெயரை மறைத்துவிட்டு, நிலையத்துக்கு அனுப்பினால் அதை வைத்தே விளக்கம் தருகிறேன்.